மீன்தொட்டிக்குள் வேலி

புதன்கிழமை மாதர் சங்கக் கூட்டம் முடிந்து வந்த ஐரிஸ், சைக்கிளைத் தூணோடு சாத்திவிட்டு விறாந்தையில் ஏறியபோது மீன்தொட்டியில் மூன்று மூங்கில்களும் நிமிர்ந்து நின்றன. செருப்பைக் கழற்ற மறந்து அவள் அப்படியே நின்றாள். இரண்டரை மணிக்கு வீட்டை விட்டு இறங்கியபோது நடுவில் நின்ற மூங்கில் சாய்ந்து, அதன் இலைகள் தண்ணீருக்குள் அமிழ்ந்து, வேர் மேலே மிதந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டபடியால் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் இருந்தவர் அவளுடைய கணவர் துரைராஜா ஒருவர்தான்.

அவர் வழக்கம்போலச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். இடது கையில் பேப்பர். வலது கை மடியில் கிடந்தது. அதை அவர் மடியில் வைத்திருந்தார் என்று சொல்ல முடியாது. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன சாமானைப் போலக் கிடந்தது.

"ஆரும் வந்தவையோ?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் வரேல்லை."

"மகன் போன் எடுத்தவனோ?"

"இல்லை. ஏன் கேக்கிறீர்?"

"சும்மாதான்."

துரைராஜா பேப்பரை மடித்து மற்றப் பக்கத்தைப் பார்த்தார். தொட்டிக்குள் மூன்று தங்கமீன்களும் அடியில் கிடந்த வெள்ளைக் கல்லை வாயில் எடுப்பதும் துப்புவதுமாக இருந்தன. ஐரிஸ் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். கேத்திலில் தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, பல் விளக்கிக்கொண்டு நின்ற துரைராஜா கிணற்றடியில் சரிந்து விழுந்தார். பாரிசவாதம் என்றார்கள். கால் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. கோணிய வாயும் மெல்ல மெல்ல நேராகியது. வலது கை மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற தனுசியா என்ற பிள்ளை, ஐரிஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "முதல் ஆறு மாதந்தான் அன்ரி முக்கியம். அதுக்குள்ளை விரலுக்கு வேலை குடுக்கவேணும். குடுக்காட்டி விரல் தன்ரை வேலையை மறந்திடும்." ஒரு றப்பர் பந்தும் தந்துவிட்டாள். நாளுக்கு நூறு தரம் அமத்த வேண்டும். மூன்று நாள் நடந்தது. நாலாம் நாள் பந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது. "நான் என்ன பாலர் வகுப்போ, பந்து விளையாட?" என்று துரைராஜா சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கையைப் பற்றி யாரும் கதைப்பது அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் முப்பத்திநாலு வருடம் வேலை செய்த மனிதர் அவர். அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் அந்த ஒரு துளியில் நிறுத்தப் பழகிய கை அது. ஆனால் ஐரிஸ் கவலைப்பட்டது அதற்காக அல்ல. கலியாணம் முடித்த நாள்முதல் நாற்பத்தியொரு வருடமாக அவர்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். சோற்றைப் போட்டதும் துரைராஜா கண்ணை மூடி நாலு வசனத்தில் ஜெபிப்பார். பிறகு கை வைப்பார். இப்போது இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட வேண்டியிருந்தது. சோறு சிந்தியது. இடது கையால் சாப்பிடுகிற ஆளை யாரும் பார்க்கக்கூடாது என்று அவர் நினைத்தார். மனைவிகூடப் பார்க்கக்கூடாது. சோற்றுக் கோப்பையை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வவுனியாவில் வங்கியில் வேலை செய்கிற மகன் நதானியேல் வந்து நின்ற நாட்களிலும் அப்படித்தான். ஐரிஸ் மேசையில் தனியே இருந்து, அவர் சொல்லும் அதே நாலு வசனத்தைச் சொன்னாள். 'எங்களுக்கு' என்று சொல்லிப் பழகிய வாய், ஒரு கோப்பைக்கு முன்னாலும் அதையேதான் சொன்னது. அந்தக் கை கையெழுத்துப் போட வேண்டாம், சேட்டுக்குப் பொத்தான் பூட்ட வேண்டாம், ஒரு பிடி சோற்றை வாய்வரைக்கும் கொண்டுபோனால் போதும் என்றுதான் அவள் ஆண்டவரிடம் கேட்டாள். அது அதிகமான விண்ணப்பமாக அவளுக்குத் தெரியவில்லை.

மீன்தொட்டியைக் கொண்டுவந்தவன் நதானியேல்தான். அப்பாவுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேணும் என்று ஆவணியில் ஒரு சனிக்கிழமை இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, குமிழி விடுகிற மோட்டர், மூன்று தங்கமீன் எல்லாவற்றையும் விறாந்தையில் இறக்கினான். கூடவே மூன்று மூங்கில் தண்டுகள். வேர் தண்ணீரில் நின்று அழுக்கை உறிஞ்சும், இலை வெளியில் நிற்கவேண்டும், இலை அமிழ்ந்தால் அழுகித் தண்ணீர் பழுதாகிவிடும் என்று கடைக்காரன் சொல்லிவிட்டிருந்தான். தண்டில் 'அதிர்ஷ்ட மூங்கில்' என்று ஒட்டியிருந்த துண்டை ஐரிஸ் நகத்தால் சுரண்டி எடுத்தாள். இந்த வீட்டுக்கு அதிர்ஷ்டம் தேவையில்லை, ஆசீர்வாதம் இருக்கிறது என்று அவளுக்கு நினைப்பு. துரைராஜா எட்டிப் பார்த்து, "உது மூங்கிலே இல்லை. மூங்கிலைப்போலை கணு இருக்கிற வேறை சாதி," என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அந்த ஒரு வசனந்தான்.

அது எந்தச் சாதியாக இருந்தாலும் அதை நிமிர்த்தி வைப்பது பெரும்பாடாக இருந்தது. தங்கமீன்களுக்கு அடிக்கல்லைக் கிளறாமல் இருக்கத் தெரியாது. வேரைச் சுற்றிக் கிளறக் கிளறத் தண்டு சாயும். ஒருநாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று. றப்பர் வளையத்தால் கல்லைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். வளையம் ஊறிக் கழன்றது. கண்ணாடியில் ஒட்டுகிற றப்பர்க் கிண்ணி வாங்கிவந்து ஒட்டினாள். மானிப்பாய்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு கிழமையில் கண்ணாடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படியவைக்கும். அதில் எதுவும் ஒட்டாது. ஆகவே விழுந்ததை எடுத்து நடுவது அவளுடைய நாளாந்த வேலையாகிவிட்டது, கோழிக்குத் தீன் போடுவதைப் போல.

இப்போது அந்த வேலையை வேறு யாரோ செய்கிறார்கள்.

அடுத்தநாள் மத்தியானம் துரைராஜா படுத்திருந்த நேரத்தில் ஐரிஸ் ஒரு காரியம் செய்தாள். ஒரு மூங்கிலைப் பிடுங்கினாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் அதை நட்டுப் பார்த்தாள். வேரைக் கல்லுக்குள் புதைத்துவிட்டுக் கையை எடுத்தால் தண்டு மிதந்தது. உள்ளங்கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலால் கல்லைக் கூட்டினால், கூட்டிய பக்கமே சாய்ந்தது. நாலு தரம் செய்தாள். நாலு தரமும் விழுந்தது. மீன்கள் கண்ணாடியோடு ஒட்டி நின்று அவளைப் பார்த்தன. ஒரு கை தண்டைப் பிடிக்க வேண்டும். மற்றக் கை கல்லைக் கூட்டி அமத்த வேண்டும். வேறு வழி இல்லை.

சனிக்கிழமை அவருக்கு நகம் வெட்டிவிடுகிற நாள். இடது கையை வெட்டி முடித்து, மடியில் கிடந்த வலது கையை எடுத்தாள். பெருவிரல் நகத்துக்கு அடியில் பச்சையாய்ப் பாசி ஒரு கோடு படிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் காணாதவள்போல அந்த நகத்தை வெட்டினாள்.

தான் இருக்கும்போது ஏன் செய்கிறாரில்லை என்பதுதான் அவளுக்கு அறிய வேண்டியிருந்தது. அவள் வீட்டில் நின்ற நாட்களில் மூங்கில் விழுந்தால் விழுந்தபடியே கிடந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நெடுநேரம் யோசித்த பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவதும் இதுவும் ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. எத்தனை தரம் தவறுகிறது என்பதை யாரும் பார்க்கக்கூடாது. அப்படியானால் அவள் வெளியே போக வேண்டும். அதுமட்டும் போதாது, போகிற நேரத்தில் மூங்கில் விழுந்தும் இருக்க வேண்டும். அந்தக் கிழமை பார்த்து மீன்கள் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டன. செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டு நின்ற ஐரிஸ், துரைராஜா முகம் கழுவப் போன இடைவெளியில், தொட்டிக்குள் கையை விட்டு ஒரு மூங்கிலை இழுத்துச் சாய்த்தாள். பக்கத்து வீட்டு மாங்காயைக் களவாய்ப் பிடுங்கியவள்போல ஈரக் கையை அவசரமாகச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"போட்டு வாறன்."

"எங்கை?"

"சந்தைக்கு. பச்சை மிளகாய் முடிஞ்சுபோச்சு."

மிளகாய் முடியவில்லை. போகும் வழியெல்லாம் அது அவளை உறுத்தியது. சந்தைக்குள் போய்க் கால் கிலோ மிளகாய் வாங்கினாள், சொன்ன சொல்லாவது நிற்கட்டும் என்று. அப்போதும் நேரம் மிஞ்சியிருந்தது. தேவாலயக் கதவு திறந்திருந்தபடியால் உள்ளே போய்ப் பின் வாங்கில் இருந்தாள். மின்விசிறி ஓடவில்லை, ஒரு சிட்டுக்குருவி மட்டும் உள்ளே பறந்து திரிந்தது. 'ஆண்டவரே, இது ஏமாற்றுத்தான். பிழையெண்டால் இண்டைக்கு அந்த மூங்கில் நிமிராமல் இருக்கட்டும். நான் விட்டிடுறன்' என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் இருந்தாள். வீட்டுக்கு வந்தபோது மூங்கில் நின்றது. கொஞ்சம் சரிவாக, ஆனால் நின்றது. அவள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

இப்படி இரண்டு கிழமை போயிற்று. கிழமைக்கு நாலு நாள் ஐரிஸ் சைக்கிளில் வெளிக்கிட்டாள். சங்கத்தில் சுகமில்லாதவர்களைப் பார்க்கப் போகிற வேலையைத் தானே கேட்டு வாங்கினாள். ஐந்து வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத கிழவிமார் ஐரிஸைக் கண்டு, தங்களுக்கு ஏதோ கடைசி வந்துவிட்டதாக்கும் என்று பயந்தார்கள். ஒவ்வொருநாளும் திரும்பி வரும்போது படலை வாசலில் நின்று முதலில் தொட்டியைத்தான் பார்த்தாள். நிற்கிறதா, எவ்வளவு நேராக நிற்கிறது, வேரைச் சுற்றிக் கல் எப்படிக் குவிந்திருக்கிறது. முதல் நாட்களில் கல் தாறுமாறாகக் கிடந்தது. பிறகு ஒரு சின்ன மேடாகக் குவிய ஆரம்பித்தது. ஒருநாள் அந்த மேட்டில் பெருவிரல் பதிந்த பள்ளம் ஒன்று தெரிந்தது. மீன் கலைக்குமுன் அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசி முதல் கிழமை கிளினிக். தனுசியா அவருடைய வலது கையை விரித்து, தன் விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். உடனே நிமிர்ந்தாள்.

"அங்கிள்! பெருவிரல் மடங்குது. வீட்டிலை என்ன செய்யிறியள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பந்து அமத்திறியளோ?"

"பந்தை நாய் கொண்டு போட்டுது."

"அப்ப அந்த நாயைக் கேட்டுச் சொல்லுங்கோ, என்ன பயிற்சி எண்டு. மற்ற ஆக்களுக்கும் குடுக்கலாம்," என்று தனுசியா சிரித்தாள். ஐரிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு நாயே இல்லை.

காரியம் கெட்டது அவளுடைய வாயால்தான். அவர்களுக்கும் பக்கத்து வளவுத் தம்பிஐயாவுக்கும் நடுவில் இருப்பது வேலி. ஒரு வருடம் அவர் அடைத்தால் மறுவருடம் இவர்கள் அடைக்கவேண்டும். இந்த வருடம் இவர்களுடைய முறை. ஆனால் துரைராஜா விழுந்ததைக் கண்ட தம்பிஐயா, முறை பார்க்காமல் தானே அடைக்கத் தொடங்கிவிட்டார். தோட்டம் செய்கிற மனிதர். நெற்றியில் திருநீறு காயுமுன் மண்வெட்டியோடு நிற்பார். முதல் மழை பெய்திருந்தபடியால் செத்துப்போன மரங்களுக்குப் பதிலாகக் கிளுவைத் தடிகளைக் கதியால்களாக வெட்டி நட்டுக்கொண்டிருந்தார். ஐரிஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைக் கண்டு வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்னக்கா, இந்த நாளையிலை ஒரே வெளிக்கிடு? அண்ணையைத் தனிய விட்டிட்டு? எலெக்சன் கிலெக்சன் கேக்கப்போறியளோ?"

பதில் தேடினாள். வாயில் வந்தது மூங்கில்தான்.

"உந்த மீன்தொட்டியாலைதான் தம்பிஐயா. மூங்கில் ஒண்டும் நிக்குதில்லை, விழுந்து விழுந்து கிடக்கு. உறுதியாக் கட்டிவைக்க ஏதும் கிடைக்குமோ எண்டு கடை கடையாத் திரியிறன்."

"இவ்வளவுதானே?" என்றார் தம்பிஐயா. "முப்பது வருசமா வேலி அடைக்கிறன். என்னட்டைக் கேக்கிறதை விட்டிட்டுக் கடைக்குப் போறியள்."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சனிக்கிழமை சங்க வேலையாகப் பண்டத்தரிப்பு வரைக்கும் போய் மத்தியானம் வந்தபோது தொட்டிக்குள் ஒரு வேலி நின்றது. அவள் பிடித்த பிடியில் சைக்கிள் மணி தானாக அடித்தது.

பார்க்க அழகான வேலை என்பதை அவளாலும் மறுக்க முடியவில்லை. பனைமட்டையைக் கீறிச் சீவி, தொட்டியின் அகலத்துக்கு அளவாக வெட்டி, தண்ணீருக்குள் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு குறுக்கு வரிச்சுகள். அவற்றின் நுனிகள் இரு பக்கக் கண்ணாடியிலும் இறுகி நின்றன. மூன்று மூங்கில்களும் வரிச்சுகளோடு சேர்த்து, ஊறவைத்த பனைநாரால், வேலிக்குக் கட்டுவதுபோலவே குறுக்கும் மறுக்குமாகக் கட்டப்பட்டிருந்தன. ஆறு முடிச்சுகள். மாடு வந்து இடித்தாலும் அசையாது. மூங்கில்களின் உச்சியில், வெட்டிய வாயில், கறுப்பாய் ஏதோ உருண்டை பிடித்து வைக்கப்பட்டிருந்தது.

"சாணி," என்றார் தம்பிஐயா பெருமையாக. கையைக் கழுவிக்கொண்டு வேலிப் பொட்டு வழியே நுழைந்து திரும்பிப் போக நின்றவர், அவளைக் கண்டு வந்திருந்தார். "கதியால் நட்டால் தலையிலை சாணி வைக்கவேணுமக்கா. இல்லாட்டி வெயில் குடிச்சு மேலாலை காய்ஞ்சுகொண்டு வரும். உந்தக் கடைக்காரர் மேல்வாயிலை ஏதோ பச்சைப் பெயின்ற்றைப் பூசி விட்டிருக்கிறாங்கள். கத்தியாலை சுரண்டி எடுத்துப்போட்டு நல்ல பசுச்சாணியா வைச்சனான்."

அது பெயின்ற் அல்ல, வெட்டுவாய் காயாமல் பூசிவிட்ட மெழுகு என்று துரைராஜா பிறகு சொன்னார். தம்பிஐயாவுக்கு முன்னால் சொல்லவில்லை. ஐரிஸ் நன்றி சொன்னாள், தேத்தண்ணி கொடுத்தாள், வடகமும் பொரித்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு கணவரைப் பார்த்தாள்.

"வேண்டாமெண்டு சொல்லேல்லையோ நீங்கள்?"

"எப்பிடிச் சொல்லுறது? அவ்வளவு ஆசையாச் செய்தான்." அவர் தொட்டியைப் பார்த்தார். "இனி விழாது."

பிறகு பேப்பரை எடுத்தார். வலது கை மடிக்குத் திரும்பியது.

எட்டு நாள் அப்படிப் போயிற்று. ஐரிஸ் வெளியே போவதை நிறுத்தினாள், போய் என்ன? ஒருதரம் வரிச்சைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. இழுத்தால் கண்ணாடி வெடித்துவிடும். முடிச்சுகளை அறுத்துவிடலாம் என்று கத்திரிக்கோலை எடுத்தாள். ஒவ்வொரு பின்னேரமும் தம்பிஐயா வேலிக்கு மேலால், "எப்பிடியக்கா, நிக்குதோ?" என்று கேட்பதை நினைத்துத் திரும்ப வைத்தாள். அவளுடைய பொய்யை அந்த மனிதர் உண்மையென்று நம்பினார். நம்பியபடியால் உதவி செய்தார். அதில் அவருடைய பிழை எங்கே இருக்கிறது? நகம் வெட்டிய சனிக்கிழமை, வலது பெருவிரல் நகம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. தனுசியா சொன்ன ஆறு மாதத்தில் இன்னும் ஆறு கிழமைதான் மிச்சம். அறைக்குள் கரண்டி கோப்பையில் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மேசையில் இருந்தவள், அன்று சாப்பிட முடியாமல் சோற்றைக் கோழிக்குப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் பெருமழை பிடித்தது. காற்றும் சேர்ந்து அடித்தது. மழை விட்டதும் நனைந்த வீதியால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஐரிஸ், படலையைத் திறந்தபோது துரைராஜாவைக் கதிரையில் காணவில்லை. அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விறாந்தைக்குள் தூவானம் அடித்துத் தரை முழுக்க ஈரம். தொட்டித் தண்ணீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மூங்கில்களின் தலையில் இருந்த சாணி கரைந்து, தண்டு வழியே வழிந்து, முழுவதும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் கிணற்று வாளி. அதற்குள் இரண்டு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

"மற்றது?"

"வேலிக்குப் பின்னாலை நிக்குது. பிடிபடுதில்லை."

ஐரிஸ் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கையை விட்டாள். மூன்றாவது மீன் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டு மூலையில் நின்றது. இடது பக்கத்தால் அவள் துரத்த, வலது பக்கத்தில் அவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்க, இரண்டாம் தரத்தில் அகப்பட்டது. வாளிக்குள் விட்டதும் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் மிதந்தது. பிறகு செவுள் அசைந்து மெல்ல நேரானது. இருவரும் குனிந்து நின்று அதைப் பார்த்தார்கள்.

பழுதான தண்ணீரை அவள் அள்ளி அள்ளி முற்றத்தில் ஊற்றினாள். அடிவரைக்கும் இறைத்த பிறகு வேலி மட்டும் நின்றது.

"கத்திரிக்கோலைக் கொண்டாறன். அறுத்தால்தான் உள்ளுக்குக் கழுவலாம்."

"அறுக்காதையும்," என்றார் துரைராஜா. "அவன் பின்னேரம் வருவான். அறுத்துப்போட்டுக் கிடக்கிறதைக் கண்டால் பாவம், என்ன நினைப்பான்? அவிழ்த்தால் திரும்பக் கட்டலாம்."

"சாணியைப் பற்றிக் கேட்டால்?"

"தூவானம் அடிச்சுத் தண்ணி கலங்கிப்போச்சு எண்டு சொல்லுவம். பொய்யில்லைத்தானே?"

"அரைவாசிப் பொய்."

"அரைவாசி உண்மையும் கிடக்கு."

அவர் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் இருந்தார். இடது கையால் வரிச்சைப் பிடித்தார். வலது கையைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்து, அங்கிருந்து உள்ளே இறக்கினார். விரல்கள் முடிச்சைத் தடவிக்கொண்டு போயின. பெருவிரல் நகம் நாருக்குள் நுழையப் பார்த்துச் சறுக்கியது. திரும்பவும் சறுக்கியது. ஐரிஸ் எழும்பிக் குசினிக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். அவர் கதவைச் சாத்துகிற மனிதர். ஆனால் அவர் அவளைப் போகச் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவள் மற்ற ஸ்ரூலில் இருந்து, வரிச்சின் மறு நுனியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் போக, "உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்," என்றாள். "உந்த மூங்கில் விழுந்தது... எல்லாம் மீன் விழுத்தினது இல்லை."

"நீர் விழுத்தினது."

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"மீன் விழுத்தினால் ஒருநாள் அங்காலை கிடக்கும், ஒருநாள் இஞ்சாலை கிடக்கும்," என்றார் துரைராஜா, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு கிழமையா எல்லாம் என்ரை கதிரைப் பக்கமாத்தான் சாய்ஞ்சு கிடந்தது. கெட்டித்தனமாச் செய்யிறதெண்டால் பக்கத்தை மாத்தி மாத்தி எல்லோ விழுத்தியிருக்கவேணும்."

"தெரிஞ்சுகொண்டோ நிமித்தினனீங்கள்?"

நாரின் ஒரு இழை நகத்தில் ஏறியது. விடாமல் பிடித்து இழுத்தார். முதல் முடிச்சின் வளையம் ஒரு நெல்லளவு பெருத்தது.

"வெயிலுக்குள்ளை சைக்கிளிலை திரிஞ்சுபோட்டு வாறீர். வந்து படலையிலை நிண்டு முதல் பாக்கிறது இதைத்தான். விழுந்து கிடந்தால்..." என்று சொல்லி நிறுத்தினார். "உதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியும். ஆடுது."

அவள் இறுக்கிப் பிடித்தாள். முதல் முடிச்சு கழன்று நார் தனியே வந்தது. அவர் அதை நேராக்கி, திரும்பக் கட்டுவதற்கென்று தொட்டி விளிம்பில் பத்திரமாகப் போட்டார். இரண்டாவதற்கு வெகுநேரம் எடுத்தது. முற்றத்து வேம்பிலிருந்து மழைத்துளி சொட்டிக்கொண்டிருந்தது. மணி இரண்டாகிவிட்டது.

"சோறு ஆறுது," என்றாள் ஐரிஸ் மெதுவாக. "போட்டு உங்கடை அறைக்குள்ளை வைக்கட்டோ?"

"இஞ்சை கொண்டாரும்."

"இஞ்சையோ?"

"ஓம். உம்மடையையும்."

குசினியில் அவள் இரண்டு கோப்பைகளில் சோற்றைப் போட்டாள். பருப்பு, முருங்கைக்காய்க் கறி, ஒரு துண்டு மீன் பொரியல். கரண்டியை எடுத்து அவருடைய கோப்பையின் விளிம்பில் வைத்தாள். பிறகு எடுத்து அலுமாரியில் வைத்தாள். கொஞ்சம் நின்று யோசித்துத் திரும்பவும் அதை எடுத்து, சேலை இடுப்பில் வெளியில் தெரியாதபடி செருகிக்கொண்டாள்.

அவள் விறாந்தைக்கு வந்தபோது துரைராஜா மூன்றாவது முடிச்சில் நின்றார். அது அடி வரிச்சில் இருந்தது. எட்டு நாள் தண்ணீரில் ஊறிப் பருத்து இறுகியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, தலை தொட்டிக்குள் பாதி இறங்க, முழங்கைவரை கையை விட்டிருந்தார். வாளியில் மூன்று மீன்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வட்டமாய்ச் சுற்றின. அவருடைய பெருவிரல் நகம் நாருக்குள் இறங்கி, இரத்தம் ஒதுங்கி வெளுத்து, அந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. ஐரிஸ் கூப்பிடவில்லை. இரண்டு கையிலும் கோப்பையை ஏந்திக்கொண்டு, ஆவி முகத்தில் அடிக்க, காலடிச் சத்தம் கேட்டுவிடாமல் வாசலில் நின்றாள்.